சட்டைக் கையில் அம்மா வைத்த திருநீறு

இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணி இவ்ளோ தெளிவா சிரிச்சி நான் பாத்ததே இல்லியே" என்றார் அத்தை. உண்மைதான். போட்டோக்காரர் விளக்கைப் பளிச்சென்று போடுவதற்குள் அம்மா கண்களை இறுக மூடிக்கொள்வார். என் மகளின் நிச்சயதார்த்தத்தில் போட்டோ எடுக்க வந்த தம்பி சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிட்டதால் இந்த ஒரு படம் கிடைத்தது.

அம்மா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வந்திருக்கும் உற்றார் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே மகளாகிய நான் அம்மாவைப் பற்றித் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன். இத்தகைய மலர்களில் மறைந்தவரை அஞ்சா நெஞ்சர் என்று எழுதுவது வழக்கம். என்னால் அப்படி எழுத முடியாது. எங்கள் அம்மா பயந்தவர். இது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மாற்றி எழுதினால் பந்தியில் உட்கார்ந்தபடியே சிரித்துவிடுவீர்கள்.

வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் அம்மா பிறந்தார். சிறுமியாக இருந்தபோது ஆற்றில் வெள்ளம் வந்தால், வெள்ளம் வடிந்த பிறகும் வெகுநாள் கரைப்பக்கம் போக மாட்டாராம். இடிக்குப் பயம். டாக்டருக்குப் பயம். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடப் பயம். எல்லாவற்றையும்விட பெங்களூர் ரோட்டுக்குப் பயம். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த பிறகு, எங்கே போவதாக இருந்தாலும் அந்த ரோட்டைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும். லாரிகள் வரும் வேகத்தைப் பார்த்து நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். அப்பா கூட இருந்தால், அவருடைய இடது கைச் சட்டையின் நுனியை மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஓடி வருவார். "கண்ண தொறந்துனு வாடி" என்று அப்பா நடுரோட்டில் கத்துவது அந்தக் காலத்தில் எங்கள் பஸ் நிறுத்தத்தில் எல்லாருக்கும் பழகிய சத்தம்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தது பட்டாளத்து மாப்பிள்ளை. அப்பா எல்லையில் இருந்த ஆண்டுகளில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அம்மா கொல்லைப்பக்கம் போய்விடுவார். தந்தி வந்திருக்குமோ என்ற பயம். யார் வாங்கினாலும் சரி, "நல்ல சேதிதான்" என்று குரல் கொடுத்த பிறகுதான் உள்ளே வருவார்.

பட்டாளத்தில் ஆண்டுதோறும் துப்பாக்கி சுடும் தேர்வு வைப்பார்கள் என்று அப்பா சொல்வார். அதில் மிக நன்றாகச் சுடுகிறவர்கள் சட்டையின் இடது கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு துணி பேட்ஜ் தைத்துக்கொள்ளலாம். குறுக்கே வைத்த இரண்டு துப்பாக்கிகள் அதில் நூலால் பின்னப்பட்டிருக்கும். அப்பா முதன்முதலில் அதை வாங்கிக்கொண்டு விடுமுறையில் வந்தபோது ஊரே வந்து பார்த்தது. டீக்கடைக்காரர் இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினாராம். எல்லாருக்கும் பெருமை. அம்மாவுக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது.

"அவ்ளோ நல்லா சுடுவீங்களா? அப்போ சண்டை வந்தா உங்களத்தான மொதல்ல முன்னால நிக்க வெப்பாங்க?" என்று கேட்டார். அம்மா விடவில்லை. "இத்த பாத்துட்டு எதிராளி உங்களையே குறி வெச்சிட்டான்னா?" என்றார்.

இருந்தாலும் பேட்ஜைத் தைத்துக் கொடுத்தது அம்மாதான். யாருக்கும் தெரியாமல் அவர் ஒரு காரியம் செய்தார். வல்லக்கோட்டை முருகன் கோயில் திருநீற்றைச் சிட்டிகையளவு எடுத்து, வழவழப்பான காகிதத்தில் சின்னதாக மடித்து, பேட்ஜுக்கு அடியில் வைத்துத் தைத்துவிட்டார். அதன் பிறகு அப்பா விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "நூலு வுட்டுப்போச்சு, குடுங்க" என்று சட்டையை வாங்கி, பழைய பொட்டலத்தை எடுத்துவிட்டுப் புதிது வைத்துத் தைப்பார். பட்டாளத்து நூல் மட்டம் என்றே அப்பா வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். பணிக்காலம் முடிந்து அப்பா நல்லபடியாக வீடு திரும்பினார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். பட்டாளத்துச் சட்டை எங்கள் கூடத்தில் ஆணியில் தொங்கியது. கொடியேற்றும் நாட்களில் மட்டும் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார்.

1991ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் பக்கத்தில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததும், நாடறிந்த தலைவரும் அவரோடு பலரும் உயிரிழந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தத் துயரத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. அதற்குப் பின் எங்கள் ஊர் கிடந்த கிடப்பை மட்டும் சொல்கிறேன். கடைகள் அடைத்துக் கிடந்தன. வீடுவீடாகப் போலீஸ் வந்து யார் யார் இருக்கிறார்கள், வெளியூர்க்காரர்கள் தங்கினார்களா என்று கேட்டது. நாய் குரைத்தால்கூட எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மாவைக் கேலி செய்கிற நானே அந்த நாட்களில் ஜீப் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். எனக்கு அப்போது இருபது வயது.

துப்பாக்கி சம்பந்தமாக எது இருந்தாலும் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று யாரோ குழாயடியில் சொல்லியிருக்கிறார்கள். அம்மா வீட்டுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால், கூடத்துச் சுவரில் இரண்டு துப்பாக்கிகள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் டைப்ரைட்டிங் வகுப்பில் இருந்தேன். அம்மா பிளேடை எடுத்துப் பேட்ஜைப் பிரித்துவிட்டார். பிளேடு பட்டு உள்ளே இருந்த பொட்டலமும் கிழிந்துவிட்டது. சட்டையை ஓர் உதறு உதறி மறுபடி ஆணியில் மாட்டினார். பேட்ஜை மஞ்சள் துணியில் முடிந்து, பக்கத்து வீட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வல்லக்கோட்டைக்குப் போய், "முருகா, உன் பொருள நீயே வெச்சிக்கோ. அவுர எங்கிட்ட வுட்டுடு" என்று வேண்டிக்கொண்டு உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு அம்மா வைத்த சாம்பார் ரொம்ப நன்றாக இருந்தது. காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

வேறு யாராவது காட்டிக்கொடுத்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். போலீஸ்காரர்கள் டீக்கடையில் விசாரித்தபோது, கடைக்காரர் பழைய பெருமையில், "எங்க ஊர்லயே சுடறதுல பேட்ஜ் வாங்கினவர் கீறாரு சார்" என்று சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணமே கிடையாது. மறுநாள் காலை ஜீப் எங்கள் வாசலில் நின்றது. வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவரும், எங்கள் பக்கத்து ஏட்டு ஒருவரும் உள்ளே வந்தார்கள்.

"பேட்ஜ் வாங்கினவர் நீங்கதானா?" என்று அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஆமா சார்" என்று அப்பா நிமிர்ந்து நின்றார். ஆணியில் இருந்த சட்டையை எடுத்து, இடது கையைத் திருப்பி, அவர் முன்னால் நீட்டினார். அங்கே பேட்ஜ் இல்லை. வெளுத்துப்போன சட்டையில் அந்த இடம் மட்டும் பேட்ஜ் அளவுக்குப் புதுத்துணி மாதிரி பச்சையாக இருந்தது. சுற்றிலும் அறுந்த நூல்.

அப்பா அப்படி விழித்து நான் பார்த்ததில்லை. அதிகாரி சட்டையை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கை மடிப்பை விரலால் தடவினார். விரலில் சாம்பல் நிறத்தில் தூள் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். குண்டு வெடித்த ஊரில், சுடத் தெரிந்தவன் வீட்டில், எதையோ பிரித்தெடுத்த சட்டையில் தூள். அவர் முகம் மாறிவிட்டது.

"யார் பிரிச்சது?"

அப்பா திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தார். அம்மா அங்கே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அப்பா ஒரு நொடிதான் அவரைப் பார்த்தார்.

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"பழசாப் போச்சி சார்."

"மடியில கனம் இல்லன்னா வழியில பயம் எதுக்கு? அந்த பேட்ஜ் எங்க?"

அப்பாவுக்குத் தெரிந்தால்தானே சொல்வார்.

"சரி, இது என்ன பவுடர்?"

"தெரியல சார்."

"சட்டை உங்களுது. பிரிச்சது நீங்க. உள்ள இருந்தது மட்டும் தெரியாதா?" என்று சொல்லி, அதிகாரி சட்டையைச் செய்தித்தாளில் சுற்றி ஏட்டிடம் கொடுத்தார். அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். ஜீப் திரும்பிப் போன பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். அந்தத் தூள் என்னவென்று சொல்லக்கூடியவர் உலகத்தில் அம்மா ஒருவர்தான். அவர் போய்ச் சொல்லாவிட்டால் அப்பா வரமாட்டார். அம்மாவோ பஸ் கண்டக்டரிடம் சீட்டுக் கேட்கக்கூட என்னை முன்னால் தள்ளிவிடுகிறவர். அன்று எங்கள் தெருவில் யாரும் கதவைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வாலாஜாபாத்திலிருந்து ஓடிவந்த மாமா, "பொம்பளைங்க ஸ்டேஷன் பக்கம் போவக்கூடாது. நீ போயி எதனா ஒளறி வெச்சா உன்னையும் சேத்து உள்ள வெச்சிடுவாங்க. வக்கீலப் பாக்கலாம், கம்முனு இரு" என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமாவுக்கும் பயம்தான். அதைக் கோபமாகப் பேசினார்.

அடுத்த நாளும் அப்பா வரவில்லை. அதற்கு மறுநாள் காலை அம்மா தலைக்குக் குளித்து, முருகன் படத்துக்கு முன் நின்றார். திரும்பி என்னைப் பார்த்து, "வா" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மாமா வாசலில் மறித்தபோது, "அண்ணா, வழி வுடு" என்று மட்டும் சொன்னார். பெங்களூர் ரோட்டுக்கு வந்தோம். என் தாவணியைப் பிடித்துக்கொள்வார் என்று கையை நீட்டினேன். அம்மா அதைப் பார்க்கவேயில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டே தனியாகத் தாண்டிப் போனார். நான்தான் பின்னால் ஓடினேன்.

ஸ்டேஷனில் அந்த அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். அம்மா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை.

"பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

"பயப்படாம சொல்ல எனக்கு வராது சார். பயந்துகினேதான் சொல்லுவேன். நீங்க கொஞ்சம் பொறுத்துக் கேக்கணும்" என்றார் அம்மா. பிறகு சொன்னார். "அவுரு பிரிக்கல. நான்தான் பிரிச்சேன். அவுருக்கு ஒண்ணுமே தெரியாது. எனக்காகப் பொய் சொல்லிட்டாரு."

"உங்க வீட்டுக்காரர் தப்பு எதுவும் பண்ணலன்னா நீங்க ஏம்மா மறைக்கணும்? மடியில கனம்..."

"எனக்கு மடியில ஒண்ணும் இல்லாமலே பயம் வரும் சார். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். ஊர்ல யாரை வேணா கேளுங்க."

பேட்ஜ் எங்கே என்று கேட்டார். உண்டியலில் என்றார் அம்மா. அதிகாரி ஏட்டைப் பார்த்தார். "உண்டியல்ல போட்டது சாமிக்குச் சொந்தம் சார். நாம போயி கேக்க முடியாது" என்றார் ஏட்டு.

"அந்தப் பவுடர்?"

"துன்னூறு சார். வல்லக்கோட்டை துன்னூறு."

"அப்படின்னு நீங்க சொல்றீங்க. நான் எப்படிம்மா நம்பறது? பரிசோதனைக்கு அனுப்பத்தான் எடுத்து வெச்சிருக்கோம்."

சட்டை அங்கேயே, மேசை மேல் விரித்த செய்தித்தாளில் இருந்தது. அம்மா சட்டென்று அதன் கையைப் பிடித்து இழுத்தார். மடிப்பில் இருந்த தூளை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துக்கொண்டார். "யம்மா! வையி, வையி!" என்று ஏட்டு பாய்ந்து வந்தார். உண்மையைச் சொல்கிறேன், ஒருவேளை அது வேறு எதுவாவது இருந்துவிட்டால் என்று அந்த நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அம்மா விழுங்கினார். விரலில் மிச்சம் இருந்ததை நெற்றியில் இட்டுக்கொண்டார். அது கோணலாகப் போயிற்று. பிறகு, கோயிலில் நிற்பதுபோலக் கும்பிட்டபடி அழுதார்.

அதிகாரி சட்டையை மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "தண்ணி குடுய்யா அவங்களுக்கு" என்றார். அன்று மதியம் அப்பா வேலை செய்த தொழிற்சாலையின் செக்யூரிட்டி அதிகாரியும் வந்து, சம்பவம் நடந்த நேரத்தில் அப்பா கேட்டில் பணியில் இருந்ததைச் சொன்னார். மாலை அப்பாவை அனுப்பிவிட்டார்கள். சட்டை மட்டும் பல மாதம் கழித்து, எண் எழுதிய ஓர் அட்டைத்துண்டு கட்டப்பட்டு ஸ்டேஷனிலிருந்து வந்துசேர்ந்தது.

அப்பா முள்ளுத்தாடியோடு வெளியே வந்தார். நாங்கள் மூவரும் நடந்தோம். வழியில் அப்பா கேட்டார்: "அத்தினி வருசமா உள்ள வெச்சி தெச்சிகினு இருந்தியா?"

"ஆமா."

"நான்தான் நல்லா சுடறேன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்று அப்பா சிரித்தார்.

"சுடறதுக்கு வெக்கல," என்றார் அம்மா. "திரும்பி வர்றதுக்கு வெச்சேன்."

ரோட்டுக்கு வந்ததும் அம்மா லாரிகளைப் பார்த்தார். காலையில் தனியாகத் தாண்டியவர் இவர்தானா என்று தோன்றும்படி நின்றுவிட்டார். அப்பா இடது கையை நீட்டினார். அம்மா சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா அதற்குப் பிறகு தைரியசாலி ஆகிவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ரோடு அகலமாக அகலமாக அவருடைய பயமும் அகலமானது. ஒரகடம் பக்கம் எங்கள் நிலம் இருந்த இடத்தில் தொழிற்சாலை வந்தது. நான் அதே பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் தாமதமானால் அம்மா தெருமுனையில் நிற்பார். ஓவர்டைமா என்று கேட்க மாட்டார். "வந்துட்டியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போவார். என் திருமணத்துக்குப் பிறகும், என் பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகும் அந்த நிற்பு மாறவில்லை.

அந்தச் சட்டையை அப்பா கொடியேற்றும் நாட்களில் தொடர்ந்து போட்டுக்கொண்டார். பச்சைத் திட்டு அப்படியே தெரியும். நானே ஒரு முறை, "கடையில விக்கிதாம்பா, ஒண்ணு வாங்கித் தெச்சிக்கலாமே" என்றேன். "அது சுட்டு வாங்கறது. காசு குடுத்து வாங்கறது இல்ல" என்று முடித்துவிட்டார். யாராவது அந்த இடத்தைக் காட்டிக் கேட்டால், "வூட்டுக்காரம்மா பிரிச்சிட்டாங்க. அவங்களையே கேளுங்க" என்பார். அம்மா வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார். வல்லக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் உண்டியலைப் பார்த்து அப்பாவுக்கு ஒரு சிரிப்பு. எனக்கும்தான்.

கடைசி ஆண்டில் சிறுநீரகக் கோளாறு வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பயம், லிப்டுக்குப் பயம், முகமூடி போட்ட நர்ஸுக்குப் பயம். அப்பா எப்போதும் கட்டிலின் வலப்பக்கம் உட்காருவார். அம்மா அவருடைய இடது கைச் சட்டையைப் பிடித்துக்கொள்ள அதுதான் வாகு. கடைசிக்கு முந்தின நாள் பேச்சு குறைந்துவிட்டது. "பயமாகீதா?" என்று அப்பா கேட்டார். "கீது" என்றார் அம்மா. சற்று நேரம் கழித்து, "நீங்க ரோட்ட பாத்து தாண்டுங்க" என்றார். தெளிவாக அவர் பேசியது அதுவே கடைசி. மறுநாள் விரல்களைச் சட்டையிலிருந்து விடுவிக்க நர்ஸ் உதவ வேண்டியிருந்தது.

அம்மாவின் மருத்துவத்தில் துணைநின்ற மருத்துவர்கள், செவிலியர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. விடுப்பெடுத்து இரத்தம் கொடுத்த என் கம்பெனித் தோழிகளுக்கும், இறுதி நாளில் வந்து எல்லாக் காரியங்களையும் ஏற்றுச் செய்த மாமாவின் பிள்ளைகளுக்கும், அத்தைக்கும், தெருக்காரர்களுக்கும் நன்றி. டீக்கடைக்காரர் இப்போது இல்லை. அவருடைய மகன் பதினாறாம் நாள் வரைக்கும் எங்கள் வீட்டுக்குத் தேநீர் அனுப்பினார். 1991இல் அப்பாவுக்காக வந்து பேசிய செக்யூரிட்டி அதிகாரிக்கும், அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்ன அந்த அதிகாரிக்கும், அவர்கள் எங்கிருந்தாலும், இத்தனை ஆண்டு கழித்து நன்றி சொல்கிறோம்.

உங்கள் எல்லாரிடமும் ஓர் உதவி கேட்கிறேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. சொன்னாலும் கேட்காமல் தனியாக பஸ் நிறுத்தத்துக்குப் போகிறார். ரோடு தாண்டும்போது அவருடைய இடது கை இன்னமும் உடம்பைவிட்டுக் கொஞ்சம் விலகி நீண்டிருக்கிறது. அவரை அங்கே பார்த்தால், தயவுசெய்து அந்தக் கைப் பக்கமாகப் போய் நில்லுங்கள்.